ஒட்டிக்கொண்ட ஸ்லிப் கேஜ்கள்

ஆயுத பூஜைக்குக் கருவிகளையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்த ஃபோர்மேன் நாச்சிமுத்து, ஸ்லிப் கேஜ் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திச் சேர்த்துச் சாமி படத்தின் முன் வைத்தார். கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகுத் துண்டுகள் அவை; பசையில்லாமலே ஒட்டும். பட்டறையின் மற்ற அளவுகருவிகள் சரியா என்று பார்ப்பதே அவற்றை வைத்துத்தான். நான்கு நாள் விடுமுறை கழித்து வந்து மேல்துண்டைத் தூக்கினார். கீழ்த்துண்டும் கூடவே வந்தது. பிடித்து இழுத்ததில் அவர் முகம்தான் சிவந்தது. மரச்சுத்தியலை எடுத்தபோது, அளவு பார்க்கும் வசந்தாமணி கையை நீட்டினாள்.

"இப்படிக் குடுங்கண்ணா. ஒரு கீறல் விழுந்தாலும் ரெண்டும் வீணுங்க."

"சொரசொரப்பா இருந்தாத்தான அம்மிணி பிடிக்கும்? இது வழுக்கற சாமானாச்சே."

"சொரசொரப்புன்னா அங்கங்கதான் தொடும். இது முழுசாத் தொட்டுட்டு இருக்குதுங்க."

விளிம்பில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுக் காத்திருந்தாள். பிறகு இழுக்காமல், கட்டைவிரல்களால் மேல்துண்டைப் பக்கவாட்டில் தள்ளினாள். தள்ளுகிறாள் என்பதே தெரியவில்லை. அவள் மூச்சை விட்டபோது அது ஒரு நூலளவு நகர்ந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு நூல். பிரிந்தபோது சத்தமே வரவில்லை. வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். கீறல் இல்லை, இரண்டிலும் நாச்சிமுத்துவின் முகம்தான் இருந்தது.

கைக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டவர், அவற்றின் பெட்டி இருந்த மேசை வரை இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டே நடந்தார்.