பொதுச்சந்து

இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்துப் பாதையை அடைத்துக்கொண்டு துரைக்கண்ணுவின் கார் நின்றது. ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம், ஸ்ட்ரெச்சர் நுழையாது. தெருவில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. உள்ளே சண்முகவடிவின் கணவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

அவள் துரைக்கண்ணுவின் கதவைத் தட்டினாள். “அண்ணே, காரை எடுங்கண்ணே. அவருக்கு ரொம்ப முடியல.”

“போன தடவையும் இதே நாடகந்தான். எதுன்னாலும் கோர்ட்ல பேசிக்கலாம்.” குரல் மட்டும் வந்தது, கதவு திறக்கவில்லை.

அந்த ஊரில் எத்தனை பகையிருந்தாலும், சாவு விழுந்தால் துட்டிக்கு யாரும் சொல்லாமலே வந்து நிற்பார்கள். துரைக்கண்ணுவும் வருவார்.

சண்முகவடிவு தன் வீட்டு வாசலுக்கு ஓடினாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு மாரில் அறைந்துகொண்டாள். “என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே, என் ராசா…”

கார் பின்னால் நகர்ந்தது. துரைக்கண்ணு தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினார். படுத்திருந்தவரின் கண்கள் திறந்து அவரைப் பார்த்தன. துரைக்கண்ணு பிடியை விடவில்லை.

“நிறுத்தும்மா,” என்றார் மெல்ல. “அவருக்குக் கேக்குது.”

நிறுத்தத்தான் பார்த்தாள். வாய் நிற்கவில்லை.