நேசையனின் வாய்

“ஏட்டி செல்லக்கனி, எருமை கன்னு போட்டாச்சு! பொட்டக்கன்னு!”

ஜன்னலுக்கு வெளியே நேசையனின் குரல் கேட்டதும் நர்ஸ் ஞானம் ஓடிப் போனாள்.

“அண்ணாச்சி, கிட்ட வராதீங்கன்னு எத்தனை மட்டம் சொல்லுகது? உள்ள ரேடியம் வச்சிருக்கு. அந்த அயினி மரத்தடிக்குப் போங்க.”

“போறேன்மா. பேசலாம்லா?”

அங்கே போய் நின்று, இன்னும் சத்தமாகப் பேசினார்.

அவர் மனைவி செல்லக்கனிக்கு வந்திருந்தது பெண்ணுறுப்பின் உட்புறத்தில் அபூர்வமாக வரும் புற்று. கத்தி வைக்க முடியாத இடம். மெல்லிய ரேடியக் குழாய்களை உள்ளே வைத்து, ஐந்து நாள் அசையாமல் படுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கஞ்சி கொண்டுபோகும் ஞானமே அங்கே நிற்கக் கூடாது. வைத்த கையோடு வெளியே வந்துவிட வேண்டும்.

நேசையன் மட்டும் காலையில் வந்தால் பொழுது சாயும்வரை மரத்தடிதான். மரச்சீனிக் கிழங்கு பிடுங்கியது, காற்றில் ஓலை பறந்தது, தேங்காய்ப்பட்டணத்தில் சாளை மீன் மலிந்தது, ஒன்று விடமாட்டார்.

“நான் வச்ச சாளைக்கறி வாயில வைக்க முடியல்ல பிள்ளே. நீ சீக்கிரம் எழும்பி வா!”

செல்லக்கனி கூரையைப் பார்த்தபடி கிடப்பாள். கண்ணீர் காதோரம் வடியும்.

“வலிக்கா அக்கா?”

“இல்ல நர்சம்மா.”

இப்படி ஒரு புருசன் வாய்த்தால் எந்த வலியையும் பொறுக்கலாம் என்று கல்யாணமாகாத ஞானம் நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் குழாய்களை எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் காட்டிக்கொள்ள வந்தபோது டாக்டர் வெகுநேரம் பரிசோதித்தார். பிறகு சிரித்தார்.

“கட்டி இருந்த எடமே தெரியல்ல. மாசம் ஒருதடவை வந்து காட்டணும், சரியா?”

சேதி கேட்ட நேசையன் வாசலில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே செல்லக்கனிக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்ட ஞானம் சிரித்தாள்.

“அண்ணாச்சி வாய்க்கு ஒரு பூட்டு போடப்படாதா அக்கா? இத்தனை வருசம் வீட்டுல எப்பிடிச் சமாளிச்சீங்க?”

செல்லக்கனி வாசல் பக்கம் பார்த்தாள்.

“பேசட்டும் நர்சம்மா. அவிய சொன்ன எடத்துல மவளைக் கெட்டிக் குடுக்கல்லன்னு எங்கிட்ட மூடின வாய், பதினோரு வருசம் கழிச்சு, நான் இங்க வந்து படுத்தபெறவுதான் தொறந்துது.”