வயிற்றுக்கு ஒரு ஸ்டியரிங்

மூச்சை இழுத்துப் பிடித்தால் உட்கார முடிந்தது. விட்டால் ஹாரன் அடித்தது.

சுயம்புலிங்கம் மூன்றாவது முறையும் விட்டுப் பார்த்தார். ஸ்டியரிங் நடுவிலிருந்த ஹாரன் பொத்தானை அவருடைய வயிறு மறுபடியும் ஒழுங்காக அமுக்கியது. தெருவில் போன எருமை ஒன்று மிரண்டு ஒதுங்கியது.

"அண்ணாச்சி, மூச்சு விடாம வண்டி ஓட்ட ஏலாதுல்லா" என்றான் மெக்கானிக் ஏசுவடியான். சிரிப்பை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினான்.

சுயம்புலிங்கத்துக்கு இராஜபாளையத்தில் பாண்டேஜ் துணி கம்பெனி. எண்பத்தொன்றில், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு டீ எஸ்டேட் மேனேஜரிடம் இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இங்கிலாந்தில் செய்த பழைய வண்டி. இரண்டே பேர்தான் உட்காரலாம். அன்றைக்கு அவருக்கு வயிறு இருந்த இடமே தெரியாது. ஆறு வருஷத்தில் வண்டி வாங்கினபடியே இருந்தது. வயிறு அப்படி இருக்கவில்லை.

வெயிலில் பழைய ஸ்டியரிங் வெடித்தபோது அவர் வெளி வைத்தியம் தேடவில்லை. சொந்தக் கம்பெனி பாண்டேஜை எடுத்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். அது இரண்டு வருஷம் தாங்கி, போன வாரம் இரண்டாகப் பிளந்தது. ஏசுவடியான் மதுரையில் சல்லடை போட்டுத் தேடி, பதிலுக்கு இரண்டு கொண்டுவந்திருந்தான்.

ஒன்று பெரியது; இவ்வளவு நேரம் வயிற்றில் இடித்து ஹாரன் அடித்தது இதுதான். மர வளையம், பளபளவென்று, இந்த வண்டிக்கென்றே பிறந்தது.

மற்றது சின்னது. கறுப்பு ரெக்சின் சுற்றியது, சாப்பாட்டுத் தட்டு அளவுதான். பெரியதைக் கழற்றிவிட்டு அதை மாட்டிப் பார்த்தபோது வயிற்றுக்கு நாலு விரல் இடம் கிடைத்தது. ஆனால் வண்டியின் முகமே செத்துப்போனது.

மனசு பெரியதைக் கேட்டது. பெரியதை மாட்டினால் அவர் உள்ளே உட்கார முடியாது. உட்கார முடியாவிட்டால் வண்டி கையை விட்டுப் போய்விடும்.

தவளை தன் வாயால் கெட்ட கதைதான். 'என்னைக்கு இதுல ஏற முடியலையோ அன்னைக்கே வித்துருதேன்' என்று போன பொங்கலுக்குப் பத்துப் பேர் முன்னால் மனைவி பரிபூரணத்திடம் சவால் விட்டிருந்தார். அவளுக்கு இந்த வண்டி ஆகாது. வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வாங்க வக்கில்லாமல் தகர டப்பா வாங்கி வந்தவர் என்று சொந்தக்காரர்களிடம் இன்றைக்கும் சொல்லுவாள்.

முடிவைத் தள்ளிப்போட, உடைந்த ஸ்டியரிங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை பிடிக்கிற இரண்டு இடத்திலும் பாண்டேஜ் மஞ்சளேறிக் கிடந்தது.

அவருக்கு வந்ததே கோபம். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி! இப்படி மஞ்சளடித்தால் நாளைக்கு எவன் வாங்குவான்? சலவைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பால்ச்சாமியை நாளைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் ஆர்டர் பிடிக்க அவர் பஸ் ஏறி மதுரைக்குப் போய் வருவதற்குள், வீட்டில் நிற்கிற வண்டியின் டேங்கில் பெட்ரோலும் குறைந்துவிடுகிறது. வெயிலில் ஆவியாகிறது என்று ஏசுவடியான்தான் சொல்லியிருந்தான். ஸ்டியரிங் வேலைக்காக இந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவர் மதுரைக்குப் போகவில்லை.

தலை ஈரத்தோடு பரிபூரணம் காப்பி கொண்டுவந்தாள்.

எதை மாட்டுவது என்று அவளிடம் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறாள் என்று கேட்டுவிட்டார்.

அவள் காப்பியை அவர் கையில் கொடுத்தாள். பெரியதை இரண்டு கையாலும் தூக்கி, இப்படியும் அப்படியும் ஒரு திருப்புத் திருப்பினாள்.

"இதையே மாட்டச் சொல்லுங்க."

முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள், கொஞ்சமும் இரக்கமில்லாமல் வண்டியை விற்கச் சொல்கிறாள். "ஆக, வித்துரணும். அதானே?"

"எதுக்கு விக்கணும்? சின்னத மாட்டுனா செண்பகத்தோப்பு வளைவுல ஒடிச்சுத் திருப்ப முடியாது. கை கழண்டுரும்."

காப்பி டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

வெள்ளிக்கிழமை அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போவது அவருக்குத் தெரியும். பஸ்ஸில் போவதாகத் தெரியும். அந்த பஸ் செண்பகத்தோப்புப் பக்கமே திரும்பாது. திரும்பினாலும், பயணிகளை யாரும் ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்வதில்லை.

ஏசுவடியானைப் பார்த்தார். அவன் ஏற்கெனவே துடைத்த ஸ்பானரை இன்னும் ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்தான்.

பரிபூரணம் மர வளையத்தைக் கீழே வைத்தாள். அவள் பிடித்திருந்த இரண்டு இடத்திலும் லேசாக மஞ்சள் ஒட்டியிருந்தது. மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்த கை.

சுயம்புலிங்கம் மரத்தைப் பார்த்தார். பாண்டேஜைப் பார்த்தார்.

பால்ச்சாமியை நாளைக்கு ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

பெரியதை மாட்டி முடித்ததும் பரிபூரணம் சாவிக்குக் கை நீட்டினாள். அவர் கொடுத்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்தார். ஆறு வருஷத்தில் அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. வயிற்றுக்கு முன்னால் தாராளமாக இடம் கிடந்தது.

நிம்மதியாக மூச்சை விட்டார்.

ஹாரன் அடித்தது.

அடித்தவள் பரிபூரணம். ஒரு வார்த்தை கேட்காமல் ஏசுவடியான் ஓடிப்போய் வாசல் கேட்டைத் திறந்துவிட்டான், வெள்ளிக்கிழமைதோறும் திறந்து பழகியவன் போல.