இளநீர் மாதிரி

“குடிச்சுப் பாருங்க தம்பி. எங்க போர் தண்ணி இளநி மாதிரி இருக்கும்!”

திருவொற்றியூர் வீட்டை விற்க ஆறு மாதமாக அல்லாடும் தேவப்பிரியம், குழாயில் பிடித்த தண்ணீரை நீட்டினார்.

வீடு பார்க்க வந்த பீம்ராவ் ஒரு வாய் குடித்தான். முகம் தொங்கிப் போனது.

“இன்னா சார், உப்பே இல்ல! இந்தத் தெருவுல போர் தண்ணி கடலாட்டம் கரிக்கும்னாங்களே. கடல்குதிரை வளக்கக் கண்ணாடித் தொட்டி வாங்கிக்கீறேன். தெனம் உப்பு கலந்து கலந்தே பேஜாராப் போச்சு. அதுக்குத்தான் இங்க வூடு தேடினேன். வர்றேன் சார்.”

தேவப்பிரியம் தெருவரை ஓடினார்.

“நில்லுங்க தம்பி! அது காலையில லாரியில வாங்கி ஊத்துன தண்ணி. எங்க போர் தண்ணிய வாயில வைக்க முடியாது. அம்புட்டும் உப்பு!”

பீம்ராவ் பைக்கை உதைத்தான்.

“வூட்ட விக்கறதுக்கு இன்னா பொய் வேணா சொல்லுவியா நைனா?”