பாதை பூட்டும் சட்டம்

“பாதை பூட்டை எடுத்த ஆள்தான் ஒவ்வொருமுறையும் வெல்லுறார். அதின்ர பலத்தைக் குறைக்காட்டி விளையாட்டுச் சரிவராது” என்றாள் இராசேஸ்வரி.

பழைய கலண்டரின் பின்பக்கத்தில் இரண்டு நாடுகளை வரைந்திருந்தாள். ஆளுக்கொரு நாடு, நெல்லுக்குப் பதில் புளியங்கொட்டை, கையில் சட்டங்கள் எழுதிய அட்டைகள். குளம் திருத்தலாம், வரி கூட்டலாம், பாதையைப் பூட்டி மற்ற நாட்டுக்குச் சாமான் போகாமல் செய்யலாம். இந்தக் கடைசிச் சட்டத்துக்காக அவள் மூளையைக் கசக்கவே இல்லை. போரால் பாதை பூட்டிக் கிடந்த தொண்ணூற்றெட்டில், துணுக்காயில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற யாருக்கும் அது தானாகவே வந்திருக்கும்.

நாளைக்கு அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பிள்ளைகளை யோசிக்க வைக்கிற விளையாட்டு என்று அதிபரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். ஒரே சட்டம் எப்போதும் வென்றால் யார் யோசிப்பார்கள்? ரீச்சரின் மானம்தான் கப்பலேறும்.

அதனால்தான் வீட்டு ஆண்கள் இருவரையும் விளையாட இருத்தியிருந்தாள். கணவன் தில்லைநாதனுக்கு வயல் தெரியும், விளையாட்டு வராது. அவளுடைய அண்ணன் அப்புத்துரை அப்படியில்லை. இடம்பெயருமுன் முரசுமோட்டையில் இருந்த காலத்தில் சீட்டில் அவரை வென்றவர் கிடையாது. தோற்றவர் சைக்கிளில் சந்திக்குப் போய், சிவனேஸ்வரியின் கடையில் தேத்தண்ணி வாங்கி வர வேண்டும் என்று காலையில் விதி போட்டவரும் அவர்தான். பாவம், காலையிலிருந்து அவரேதான் சைக்கிள் மிதிக்கிறார்.

இராசேஸ்வரி பாதை பூட்டின் விலையை இரட்டிப்பாக்கினாள். தில்லைநாதன் வென்றார். காட்டு வழியாகச் சாமான் கடத்தலாம் என்று அண்ணனுக்குச் சலுகை கொடுத்தாள். அப்போதும் தில்லைநாதன் வென்றார். கடைசியில் அந்த அட்டையை அண்ணனிடமே கொடுத்துப் பார்த்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றார். இம்முறை தில்லைநாதன் வென்றது வரியைக் கூட்டி.

“அப்ப பிழை வரியிலயோ?” இராசேஸ்வரி வரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்புத்துரை தேத்தண்ணி வாங்கச் சுடுதண்ணிப் போத்தலோடு கிளம்பினார். திரும்பி வர வழக்கம்போல நேரமாயிற்று. சீனி கண்ணில் காணாத நாளில், தேத்தண்ணியோடு கடிக்கப் பனங்கட்டி ஒரு துண்டு கூடவே வந்திருந்தது.

“இனிக் குடிச்சா எனக்கு வயிறு வெடிச்சிடும்” என்றார் தில்லைநாதன்.

இராசேஸ்வரிக்கு அண்ணனைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. வேர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

“பாவம் அண்ணை, இந்த வெயிலுக்கை எத்தினை தரம்தான் ஓடுறது. இந்தமுறை வெல்லுற ஆள் போகட்டும்.”

அப்புத்துரை நிமிர்ந்து பார்த்தார்.

“வெல்லுற ஆளோ?”

“ஓம் அண்ணை. நீங்கள் ஆறுதலா இருங்கோ.”

பாதை பூட்டைப் பழைய பலத்தோடு கணவனிடம் கொடுத்தாள். அண்ணன் எடுத்தது, இதுவரை ஒருவரும் தொடாத குளம் திருத்தும் அட்டை. தில்லைநாதன் பாதையைப் பூட்டிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார். அவர் மறுபடி நிமிர்வதற்குள் புளியங்கொட்டை முழுவதும் அப்புத்துரையின் பக்கம் குவிந்திருந்தது.

சட்டத்தில் என்ன பிழை என்று இராசேஸ்வரி மறுபடி யோசிக்கத் தொடங்கும்போது, முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தாள். தோய்த்த சேட்டு மாற்றி, தலை சீவி, போத்தலையும் கொளுவிக்கொண்டு அண்ணன் சந்திப் பக்கம் பறந்துகொண்டிருந்தார். கலியாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற அதே அண்ணன்.

அவள் திருத்தியதையெல்லாம் அழித்துப் பழையபடி எழுதினாள். பிறகு கணவனின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, சிவனேஸ்வரியைப் பொம்பிளை கேட்கிறதெண்டால் ஆரிட்டப் போகவேணும்?”