ரெண்டுக்கு ஒரு பச்சை

லேசர் பெட்டியிலிருந்து அகச்சிவப்பு ஒளித்துகள்கள் இரண்டு கிளம்பின. அண்ணன், தம்பி. யார் கண்ணுக்கும் தெரியாத ஜென்மங்கள். எதிர்ச்சுவர் ஒரு தடவையாவது தங்களைப் பார்த்து 'அட!' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

வழியில் ஒரு படிகக்கல் கடை விரித்திருந்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணாச் சேருங்க. ஒரு பச்சை ஒளியா அனுப்புறேன், ஊரே பார்க்கும்."

"ரெண்டைக் குடுத்து ஒண்ணை வாங்கணுமா? எங்களைப் பார்த்தா இளிச்சவாயனாத் தெரியுதா அண்ணாச்சி?" என்று அண்ணன் எகிறினான்.

"நீங்கதான் தெரியவே இல்லையே!"

"ஒண்ணரையாவது போடும்!"

"அரைப் பச்சை எந்தக் கடையிலயும் கிடையாதுய்யா."

"சரின்னு சொல்லுண்ணே," என்று தம்பி கெஞ்சினான்.

"சும்மா இருடா. போற மாதிரி நாலடி நடந்தா, தானாக் கூப்பிடுவான்."

நடந்தார்கள். கல் கூப்பிடத்தான் செய்தது. ஆனால் ஒளிக்கு ஏது ரிவர்ஸ் கியர்? நேரே போய்ச் சுவரில் மோதினார்கள். சுவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னால் வந்த இரண்டு பேர் வாயே திறக்காமல் கல்லுக்குள் கட்டிக்கொண்டார்கள். சுவரில் பளீரென்று பச்சைப்பொட்டு விழுந்தது.

"அட!" என்றது சுவர்.

பக்கத்தில், யாருக்கும் தெரியாத இடத்திலிருந்து அண்ணன் சிரித்தான்: "பார்த்தியாடா தம்பி, நல்லா ஏமாந்துட்டானுங்க!"