சினைமாட்டுப் பாஸ்

எங்கட ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஆமிச் சென்றித் தடைக்கு அங்கால இருக்கு. சென்றியில இப்ப ஆமிக்காரர் இல்லை, மெஷின்தான். மனுசருக்குப் பாஸ் வர மாசக்கணக்காகும். மாட்டுக்கு மறிப்பே இல்லை, காதுத் தகட்டைப் பாத்திட்டு மெஷின் விட்டிடும். ஆமி முகாமுக்குப் பால் வேணுமெல்லோ.

எனக்குப் பிள்ளை வலி தொடங்கீட்டுது. என்ர மனுசன் தயாபரன் மெஷினைப் பாத்துக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறார்.

"இஞ்சேருங்கோ, கும்பிட்டது காணும். எங்கட சிவப்பியின்ர காதுத் தகட்டைக் கழட்டிக்கொண்டு வாங்கோ!"

"உனக்கென்ன விசரே?"

"விசர்தான். ஓடுங்கோ!"

தகட்டைத் தோட்டில கொழுவிக்கொண்டு நாலு காலில போனன். வலிக்கு அது சுகமாயும் இருந்தது.

"சினைமாடு. போகலாம்," எண்டு மெஷின் தடியைத் தூக்கினது.

பெட்டைப்பிள்ளை பிறந்தாள். அவளை நெஞ்சோட கட்டிக்கொண்டு அதே தகட்டோட தவண்டு திரும்பி வரேக்க, மெஷின் அவளுக்கும் ஒரு பாஸைத் துப்பினது: 'பசுக்கன்று. ஆயுள் முழுக்கப் போய்வரலாம்.'

தயாபரனுக்கு முகம் சிவந்திட்டுது. "என்ர பிள்ளை மாடோ? நாளைக்கே மனுசப்பிள்ளையெண்டு மாத்துவிக்கிறன்!"

"அதில கைவைச்சுப் பாருங்கோ," எண்டன். "மனுசப்பிள்ளையெண்டு மாத்தினா, அவள் எப்பிடிப் பள்ளிக்கூடம் போறது?"